லயத்துக்குப் பின்னால் இருக்கும் உருண்டைக் கல் எங்கிருந்து வந்தது?

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் வீடு கட்ட மேட்டை வெட்டினார்களாம். செம்மண்ணுக்குள் ஆளுயரத்தில் மூன்று உருண்டைக் கற்கள் வெளியே வந்திருக்கின்றன. "முந்தி இந்த இடத்துல ஆறு ஓடியிருக்கும்" என்கிறார் தாத்தா. பாடசாலையில் கேட்டதற்கு "வானிலையாலழிதல்" என்று ஒரு சொல் கிடைத்ததாம், அதற்கு மேல் விளக்கம் இல்லை. மலைச்சரிவின் நடுவில் ஆற்றுக்கல் எப்படி வரும், கல் எப்படி மண்ணாகும், அந்த மண் எங்கே போகும் என்று மூன்று கேள்விகள். கடைசியில் அடைப்புக்குள் ஒரு வரி: "மழை பெய்தால் இது உருளுமா?" உண்மையில் கேட்க வந்தது அந்தக் கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். ஆனால் முதல் மூன்றுக்கும் பதில் தெரியாமல் நாலாவதுக்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நானும் லயத்தில் பிறந்தவன்தான். பேராதனையில் புவிச்சரிதவியல் படித்துவிட்டு, இருபது வருசத்துக்கும் மேலாக வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் இந்த மலைகளைத் துளைத்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். உங்கள் மேட்டை நேரில் பார்க்கவில்லை. நீங்கள் போட்ட ஒரு படத்தை மட்டும்தான் பார்த்தேன். பொதுவாக இங்கே நடப்பதை உறுதியாகச் சொல்லலாம். உங்கள் மேட்டைப் பற்றிய தீர்ப்பை ஒரு படத்தை வைத்து யாரும் சொல்லக்கூடாது, நானும் சொல்ல மாட்டேன்.

முதலில் கல். பெரும்பாலும் அது எங்கிருந்தும் வரவில்லை தம்பி. அது அங்கேயே இருந்தது. சுற்றி இருந்த பாறைதான் மண்ணாகிப் போனது. இந்த மலைகளின் பாறை பார்க்க ஒரே கட்டிபோல் இருந்தாலும் உள்ளே வெடிப்புகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். ஒரு காலத்தில் பல கிலோமீற்றர் ஆழத்தில் அழுந்திக் கிடந்த பாறை, மேலே இருந்த சுமை கரையக் கரைய இளகி விரிந்ததால் வந்த வெடிப்புகள் அவற்றில் பல. மழைத்தண்ணீர் இறங்குவது அந்த வெடிப்புகள் வழியாகத்தான். வெடிப்புகளுக்கு இடையில் பாறை பெட்டி பெட்டியாக நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் முகத்தைத் தண்ணீர் ஒரு பக்கத்திலிருந்து அரிக்கும். விளிம்பை இரண்டு பக்கத்திலிருந்து அரிக்கும். மூலையை மூன்று பக்கத்திலிருந்து அரிக்கும். அதனால் முதலில் மழுங்குவது மூலை. புதுச் சவர்க்காரக் கட்டியைப் பீலிக்கரையில் நாலு நாள் பாவித்துப் பாருங்கள், கூர்மூலைகள்தான் முதலில் போகும். பெட்டி பந்தாக மாறுவது அப்படித்தான். வெடிப்புகள் நெருக்கமாக இருந்த இடத்தில் முழுதும் மண்ணாகிவிடும். தூரத் தூர இருந்த இடத்தில் நடுவே ஆளுயரக் கல் மிஞ்சும். இப்படி மிஞ்சுவதை நாங்கள் உள்ளகக் கல் என்போம்.

பாடசாலையில் சொன்ன வானிலையாலழிதல் இதுதான். அழிவது என்றால் தேய்வது என்று நினைத்துவிட வேண்டாம். இது இரசாயன வேலை. மழைத்துளி காற்றிலிருந்து கொஞ்சம் காபனீரொட்சைட்டை வாங்கிக்கொண்டு விழுகிறது. மண்ணுக்குள் வேரும் நுண்ணுயிரும் மூச்சுவிடுவதால் அங்கே அந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம். தண்ணீர் மெல்லிய அமிலமாகிவிடும். தோடம்பழச் சாறு இதைவிட எவ்வளவோ புளிப்பு, ஆனால் இந்தத் தண்ணீருக்கு லட்சக்கணக்கான வருசம் கையில் இருக்கிறது. பாறையில் உள்ள களிக்கல், அதாவது பெல்ட்ஸ்பார், அந்தத் தண்ணீரில் சோடியம், கல்சியம், பொட்டாசியத்தை இழந்து வெள்ளைக் களிமண்ணாகிவிடும். இரும்புள்ள கனிமங்கள் துருப்பிடிக்கும். மலையகத்து மண்ணின் சிவப்பும் மஞ்சளும் அந்தத் துருதான். குவாட்ஸ் மட்டும் ஏறத்தாழ அப்படியே நிற்கும். அதுதான் பிறகு மணல்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். உங்கள் மேட்டுக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, கல்லை ஒட்டிய இடத்திலிருந்து ஒரு பிடி எடுங்கள். தொடும்வரை அது கல்போலவே இருக்கும், கோடுகூடத் தெரியும். விரலால் அழுத்தினால் பொடியும். உக்கின கல் என்று தோட்டத்தில் சொல்வார்களே, அதுவேதான். உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். வெள்ளையாக இருந்த புள்ளிகள் மாவாகக் குழையும், அவை முந்தைய களிக்கற்கள். நறநறவென்று மிஞ்சுவது குவாட்ஸ். காக்காப்பொன் இருந்தால் கையில் மினுமினுப்பாக ஒட்டிக்கொள்ளும். அடுத்து, உருண்டைக் கல்லின் ஓரத்தைச் சுத்தியலால் தட்டுங்கள். வெங்காயத் தோல்போல ஏடு ஏடாகக் கழன்று வரும். வெளி ஏடு பழுப்பு, அதற்குள் மஞ்சள் கலந்த சாம்பல், அதற்கும் உள்ளே போனால் எண்ணெய் பூசியதுபோல் கரும்பச்சையாக, சுத்தியல் பட்டால் 'கிண்' என்று சத்தம் போடும் கல். பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் விரலகல எல்லை ஒன்று தெரியும் பாருங்கள், கல் இன்றைக்கும் மண்ணாகிக்கொண்டிருப்பது அந்த எல்லையில்தான். மாணவர்களை வெளியே கூட்டிப் போனால் நான் முதலில் தொடச் சொல்வது இந்த எல்லையைத்தான்.

அந்தக் கரும்பச்சைக் கல் சார்னோகைட்டாக இருக்க வாய்ப்பு அதிகம். மத்திய மலைநாட்டில் அதுவும், செம்மணிக்கல் பதிந்த, வரி வரியான நைஸ் பாறைகளும், பெரும்பாலும் குவாட்ஸாலேயே ஆன குவாட்சைட்டும், சலவைக்கல்லும் மாறி மாறி வரும். எல்லாமே உருமாறிய பாறைகள். சுமார் 55 முதல் 60 கோடி வருசங்களுக்கு முன், 20 கிலோமீற்றருக்கும் அதிக ஆழத்தில், 700 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வெந்து இறுகியவை. அப்போது இலங்கையும் தென்னிந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே பெருங்கண்டத்தில் ஒட்டிக் கிடந்தன. ஒரு சேதி சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. சார்னோகைட் என்ற பெயர் கல்கத்தாவில் இருக்கும் யோப் சார்னொக் என்பவரின் கல்லறைக் கல்லிலிருந்து வந்தது. அந்தக் கல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதியில் வெட்டியது. நீலகிரியும் இதே கல்தான். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்து இந்த மலைக்கு வந்தபோது, காலுக்கடியில் இருந்தது அவர்கள் விட்டுவந்த ஊரில் இருந்த அதே வகைப் பாறை.

தாத்தா சொன்னதைத் தள்ளிவிட வேண்டாம். உருண்டையான கல்லை மனிதர்கள் அதிகம் பார்ப்பது ஆற்றில்தான், ஆகவே அந்த எண்ணம் இயல்பானது. ஆற்றுக்கல்லா, அங்கேயே கிடந்த கல்லா, மேலிருந்து சரிந்து வந்த கல்லா என்பதைப் பிரித்தறிய வழி இருக்கிறது. ஆறு கொண்டுவந்து குவித்த இடத்தில் பல சாதிக் கற்கள் கலந்திருக்கும், இடையில் கழுவிய மணல் இருக்கும், கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அடுக்கியதுபோல் கிடக்கும். மலையிலிருந்து சரிந்துவந்த குவியலில் மூலை மழுங்காத கற்களும் உருண்டைகளும் மண்ணும் ஒழுங்கே இல்லாமல் குழம்பிக் கிடக்கும். அங்கேயே நின்று உக்கிய பாறையில் நைஸின் வரிகள் கல்லில் தொடங்கி, சுற்றியிருக்கும் பொடியும் மண்ணுக்குள்ளும் முறியாமல் போகும். குறிப்பாக வெள்ளைக் குவாட்ஸ் நரம்பைப் பாருங்கள். அது உக்காது. கல்லிலிருந்து மண்ணுக்குள் நேராக ஓடினால் கல் ஓர் அங்குலமும் நகரவில்லை என்று அர்த்தம். இன்னொன்றையும் தாத்தாவிடம் சொல்லுங்கள்: கொத்மலை ஓயாவில் கிடக்கும் பெரும் உருண்டைகளில் பல, ஆற்றில் உருண்டதால் உருண்டையானவை இல்லை. மலைக்குள்ளேயே உருண்டையாகி, சுற்றியிருந்த மண் கழுவுப்பட்டபின் ஆற்றுக்குள் விழுந்தவை. ஆறு மெருகு மட்டும் போட்டது.

பாடப்புத்தகத்தில் வெடிப்புக்குள் தண்ணீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கும் என்று முதல் உதாரணமாகப் போட்டிருப்பார்கள். அது குளிர்நாட்டுக் கதை. தை, மாசியில் நுவரெலியாவில் விடிகாலையில் புல்லின்மேல் வெள்ளையாகப் பனி உறைந்து தேயிலைக் கொழுந்து கருகும், சரி. ஆனால் அந்தக் குளிர் பாறைக்குள் இறங்கும் முன்பே வெயில் வந்துவிடும். இங்கே பாறையைப் பௌதிக ரீதியாகப் பிளப்பதில் வேருக்குத்தான் பெரும் பங்கு. டர்பன்டைன் மரத்தின் வேர் ஒரு நூல் வெடிப்பில் நுழைந்து, பிறகு கையளவு தடித்து நிற்பதை எந்தத் தோட்டத்திலும் காட்டுவேன். சலவைக்கல் உள்ள பக்கங்களில், மாத்தளையிலும் வெலிமடை, பதுளைப் பக்கங்களிலும், கதை வேறு. அந்தக் கல் களிமண்ணாகாது, தண்ணீரில் கரைந்தே போய்விடும். அதனால் சலவைக்கல் ஓடும் இடம் பள்ளத்தாக்காகவும், கரையாத குவாட்சைட் ஓடும் இடம் முகடாகவும் நிற்பதை அடிக்கடி பார்க்கலாம்.

எவ்வளவு காலம் எடுக்கும்? இதற்கு ஒரு காலத்தில் ஊகம்தான் பதில். இப்போது அளவு இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் நிலத்தின் மேற்பரப்பில் உள்ள குவாட்ஸைத் தாக்கும்போது அதற்குள் பெரிலியம்-10 என்ற அரிய அணு மிகச் சிறு அளவில் உண்டாகிறது. மேற்பரப்புக்குக் கிட்ட ஒரு மணல் துகள் எவ்வளவு காலம் கிடந்ததோ அவ்வளவுக்கு அது சேரும். நிலம் மெதுவாக அரிபட்டால் நிறையச் சேரும், வேகமாக அரிபட்டால் குறையும். மேல் மகாவலி நீரேந்து பரப்பின் ஓடை மணலில் இதை எண்ணிப் பார்த்து 2003இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காட்டு நிலத்தின் இயற்கையான அரிப்பு ஒரு சதுர கிலோமீற்றருக்கு ஆண்டுக்கு 13 முதல் 30 தொன். பாறைக் கனமாக மாற்றினால் ஆயிரம் வருசத்துக்கு ஏறத்தாழ 5 முதல் 11 மில்லிமீற்றர். பிறகு வந்த ஓர் ஆய்வில் ஹக்கலக் காட்டுப் பகுதியில் பாறை உக்கி இறங்கும் வேகத்தையும் அளந்தார்கள். அதுவும் ஆயிரம் வருசத்துக்கு 6 முதல் 14 மில்லிமீற்றர்தான். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதைக் கவனியுங்கள். கீழே எவ்வளவு மண் உண்டானதோ, மேலே அவ்வளவே கழிந்தது. உங்கள் மேட்டில் கல்லைச் சுற்றி 10 மீற்றர் உக்கிய பாறை இருந்தால், அது உண்டாகப் பத்து லட்சம் வருசக் கணக்கு.

இவ்வளவு மழை, இவ்வளவு செங்குத்து, ஆனாலும் ஏன் இவ்வளவு மெதுவாக? நானும் முதலில் நம்பவில்லை. இமயமலையில் சில இடங்களில் ஒரே வருசத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு மேல் போகிறது. அங்கே நிலம் இன்னும் மேலே தள்ளப்படுகிறது, நம் மலைகள் அப்படி வேகமாக உயரவில்லை. அதோடு, தடித்த மண் பாறைக்குமேல் கம்பளிபோல் கிடக்கிறது. தண்ணீர் அந்த ஆழத்தைக் கடந்துதான் புதுப் பாறையைத் தொட வேண்டும். காடு அந்தக் கம்பளியை நகர விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

இனி வருவதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். அந்த 2003 ஆய்வில், விவசாயம் நடக்கும் நீரேந்து பரப்புகளின் ஓடைகள் இன்று சுமந்துபோகும் மண்ணையும் ஒப்பிட்டார்கள். இயற்கை வேகத்தைவிட 10 முதல் 100 மடங்கு. கோப்பிக்காகக் காடு வெட்டத் தொடங்கியது 1830களில். 1869இல் கோப்பியில் துரு நோய் வந்தது, அதற்கு இரண்டு வருசம் முன்பே லூல்கந்தரையில் தேயிலை நட்டாயிற்று. கோப்பியும் இளந்தேயிலையும் வெறும் மண்ணைப் பல வருசம் மழைக்குக் காட்டின. நன்றாக மூடி வளர்ந்த தேயிலை மண்ணை நன்றாகவே காக்கும், அதைச் சொல்லியாக வேண்டும். காக்காதது இடையிடையே செத்த செடியுள்ள மலை, கவ்வாத்துக்குப் பின் வெயில்பட்டுக் கிடக்கும் மலை, சரிவோடு சரிவாக மேலிருந்து கீழாகப் பாத்தி போட்ட மரக்கறித் தோட்டம். மழைத்துளி வெறும் மண்ணில் விழும் இடத்தில் உட்கார்ந்து பாருங்கள்: ஒவ்வொரு துளியும் ஒரு சின்னக் குழி தோண்டி மண்ணைச் சுற்றிலும் தெறிக்க வைக்கும். அந்தத் தெறித்த துகளைத்தான் ஓடும் தண்ணீர் தூக்கிக்கொண்டு போகிறது. நம் பெரியவர்கள் மலையைச் சுற்றிக் குறுக்கே கான், அதாவது வடிகால், வெட்டி, கானுக்குள் இடையிடையே குழி வைத்தது அந்தத் தண்ணீரை நிறுத்தி மண்ணை இறக்கத்தான். குழியில் சேர்ந்ததை அள்ளி மேலே தேயிலைக்கடியில் போடுவதும் கான் வெட்டின சம்பளத்துக்குள் இருந்த வேலை. இன்று பல தோட்டங்களில் கான் தூர்ந்துபோய், தண்ணீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு இறங்குகிறது.

போகும் மண் எங்கே போகிறது என்று கேட்டீர்கள். உங்கள் லயத்திலிருந்து இறங்கும் ஓடை கொத்மலை ஓயாவில் சேரும், அது மகாவலியில் சேரும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடித் திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. தண்ணீரின் வேகம் குறையும் இடத்தில் எல்லாம் அது சுமையைக் கீழே வைக்கும், பாரமானதை முதலில். சரிவு தணியும் இடத்தில் கல், வளைவின் உட்புறத்தில் மணல், வெள்ளம் பரவிய வயலில் வண்டல். களி மட்டும் கடல்வரை தண்ணீரோடு மிதந்து போகும். மழைநாளில் ஆறு தேநீர் நிறத்தில் ஓடுவதற்கு அதுதான் காரணம். இப்போது நடுவில் அணைகள் இருக்கின்றன, மேல் கொத்மலையில் தொடங்கி ரந்தம்பே வரை. அணைக்குப் பின்னால் தண்ணீர் நின்றுவிடும், மணலும் வண்டலும் அங்கேயே படியும். 1976இல் திறந்த பொல்கொல்ல அணையில் 12 வருசத்துக்குள் கொள்ளளவின் 40 வீதத்துக்கும் மேல் மண் நிரம்பிவிட்டது. படிதல் என்று பாடத்தில் படிக்கும் சொல்லுக்கு மலையகத்தில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

படிதலில் நல்ல பக்கமும் உண்டு. மலைத் தொடருக்கு அந்தப் பக்கம் பொகவந்தலாவையில் ஓடைக்கரை வயலைத் தோண்டி மாணிக்கக்கல் எடுக்கிறார்கள். இரத்தினபுரியிலும் அப்படியே. நீலமும் கெம்பும் பாறையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறி இருந்தவை. பாறை உக்கியபோது அவை உக்கவில்லை. கடினமும் அதிகம், பாரமும் அதிகம். இலேசான களியும் மணலும் கழுவிப் போக, இவை பள்ளத்தாக்கின் அடியில் பரலோடு தங்கிவிட்டன. அந்தப் பரல் படையைத்தான் இல்லம் என்கிறார்கள். வட்டிக் கூடையில் போட்டு அரிக்கும் ஆள் தண்ணீரில் சுழற்றும்போது செய்வது, ஆறு லட்சக்கணக்கான வருசம் செய்த அதே வேலை.

சந்தேகமாகவே இருக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாடத்தில் அதை முடிந்த விசயம்போல் படித்திருப்பீர்கள். இலங்கை மூன்று படிகளாக இருக்கிறது என்று 1929இல் அடம்ஸ் என்ற புவிச்சரிதவியலாளர் எழுதினார். பிறகு இங்கே அரச கனிப்பொருளியலாளராக இருந்த வாடியா, நிலம் துண்டு துண்டாக மேலே தள்ளப்பட்டதால் அந்தப் படிகள் வந்தன என்றார். பின்னால் வந்த பலர், அவ்வளவு தெளிவான மூன்று படிகளே இல்லை, பாறையின் வன்மை வித்தியாசமும் நீண்டகால அரிப்புமே போதும் என்று வாதிட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் 'உலக முடிவு' என்று பெயர்பெற்ற இடத்தில் நிலம் ஒரேயடியாக 800 மீற்றருக்கு மேல் விழுகிறது. அந்த விளிம்பு எப்படி உண்டானது என்பதில் இன்னும் ஒரே கருத்து இல்லை. என் சாய்வு அரிப்புப் பக்கம்தான். மேலே சமவெளி மிக மெதுவாகவும் விளிம்பு அதைவிட வேகமாகவும் அரிபடுகிறது என்ற அளவுகள் அதற்கு ஒத்துப்போகின்றன. ஆனாலும் இது என் சாய்வுதான், முடிவு என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

சரி, கல் உருளுமா? முதலில் என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருசம், ஒரு சரிவில் கட்டடம் ஒன்றுக்காகத் துளை போட்டோம். மூன்று மீற்றரில் கரும்பாறை வந்தது, பச்சைக் கல், நல்ல 'கிண்' சத்தம். அடிப்பாறை வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன். அத்திவாரம் வெட்டும்போது பார்த்தால் அது ஒன்றரை மீற்றர் உருண்டை ஒன்று. அதற்கடியில் கத்தியால் வெட்டக்கூடிய உக்கின கல், இன்னும் ஆறு மீற்றருக்கு. நல்லவேளையாக அது கட்டும் முன்பே தெரிந்தது, அத்திவாரத்தை மாற்றினோம். அன்றிலிருந்து கல் தட்டுப்பட்டால் அதற்குள்ளும் இன்னும் சில மீற்றர் துளைத்துப் பார்க்காமல் நான் கையெழுத்து வைப்பதில்லை. உங்களுக்கும் இதே பாடம்தான்: கல் கடினமாக இருக்கிறது என்பது அது உறுதியாக நிற்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. கல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

மண்ணுக்குள் முழுதாகப் புதைந்து, நாலு பக்கமும் உக்கிய பாறை பிடித்திருக்கும் கல் எங்கும் போகாது. வெட்டியபின் நிலைமை மாறிவிட்டது. முன்பக்கம் பிடிப்பு போய்விட்டது. மழைத்தண்ணீர் கல்லைச் சுற்றியுள்ள மண்ணைக் கழுவினால் மெல்ல மெல்ல அடியும் போகும். ஆகவே கல்லின் பாதிக்கு மேல் வெளியே நிற்கிறதா, அடியில் குடைந்து குகைபோல் ஆகியிருக்கிறதா, கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி வந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் அதற்குக் கீழே யாரும் படுக்கக்கூடாது. அடியில் மேலும் வெட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். மேலே உள்ள கானைத் துப்புரவாக்கித் தண்ணீரை மேட்டுக்குப் பக்கவாட்டில் திருப்புங்கள். கூரைத் தண்ணீரோ சமையலறைத் தண்ணீரோ மேட்டில் இறங்க விடாதீர்கள்.

கல்லைவிட எனக்குப் பயம் மண்தான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களைப் புதைத்தது ஒரு கல் உருண்டதால் இல்லை, முழுச் சரிவே இறங்கியது. உங்கள் மேட்டுக்கு மேலே நிலத்தில் புதிதாக வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது தூண், திடீரென்று வந்த ஊற்று, ஊற்றுத் தண்ணீர் கலங்கலாக வருவது, காம்பராக் கதவு திடீரென்று இறுகுவது, இவற்றில் எதையாவது கண்டால் மழை விடட்டும் என்று காத்திருக்கக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் விழிப்பாக இருக்கவும், 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150 தாண்டினால் வெளியேறவும் சொல்கிறது. உங்கள் டிவிசனில் பெய்யும் மழையை நீங்களே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமான ஒரு பால்மாப் பேணியை மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் வைத்து, காலையில் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். அந்த மில்லிமீற்றர்தான் மழையின் அளவு. மேட்டைப் பார்க்க வரச்சொல்லி அந்த நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்குக் கிராம சேவகர் மூலமோ பிரதேச செயலகம் மூலமோ எழுத்தில் கேளுங்கள், தோட்ட நிருவாகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.

அதற்கிடையில் ஒன்று செய்யுங்கள். உங்கள் படத்தில் இடதுபக்கக் கல்லில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது. அது குவாட்ஸ் நரம்பு என்றுதான் நினைக்கிறேன். மழையில்லாத நாளில், மேட்டுக்கு முன்னால் நிற்காமல் பக்கவாட்டில் நின்று, அந்தக் கோடு கல்லின் ஓரத்தைத் தொடும் இடத்தில் மண்ணைப் பழைய கத்தியால் மெதுவாக ஒரு சாண் சுரண்டிப் பாருங்கள், அதற்கு மேல் வேண்டாம். கோடு மண்ணுக்குள்ளும் அதே திசையில் தொடர்ந்தால் அந்தக் கல் பிறந்த இடத்திலேயே நிற்கிறது. கல்லின் ஓரத்தோடு முறிந்துபோனால், உங்கள் லயம் நிற்பது எப்போதோ ஒருமுறை சரிந்துவந்த மண்ணின்மேலாக இருக்கலாம். முறிந்திருந்தால் அன்றைக்கே இங்கே எழுதுங்கள்.